அண்ணா பயின்ற கல்லூரி

மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி எர்ணாகுளம் கரையில் இறங்குவோர்க்குப் பிராட்வே புதிய இடமன்று. அகன்ற சாலை என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் ஓணம் நெருங்கும் நாட்களில் தோள் உரசாமல் அங்கே நடந்துவிட முடியாது. துணிக்கடைகளும் பாத்திரக் கடைகளும் மிளகும் ஏலமும் விற்கும் கடைகளும் நெருங்கி நிற்கும் அத்தெருவில், தமிழ் பேசும் வணிகரையும் சுமை தூக்கும் தொழிலாளரையும் காணலாம். பள்ளி திறக்கும் காலத்தில் குறிப்பேடும் பையும் வாங்க அங்கே செல்லாத தமிழ்க் குடும்பம் அரிது.

சென்னையிலும் ஒரு பிராட்வே உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்டீபன் பாப்பம் என்னும் ஆங்கிலேய வழக்குரைஞர், முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் இடையே பள்ளமாகக் கிடந்த நிலத்தைச் சீர்செய்து அத்தெருவை உருவாக்கினார். அதனால் அது பாப்பம் பிராட்வே எனப்பட்டது. இன்று அதன் பெயர் பிரகாசம் சாலை. மக்கள் நாவில் மட்டும் இன்னும் பிராட்வேதான். 1842 சனவரி முதல் நாளன்று அத்தெருவில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அப்பள்ளி வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று. பின்னாளில் முதலமைச்சராகித் தம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்னும் பெயரைச் சட்டப்படி பெற்றுத் தந்த பேரறிஞர் அண்ணா, அக்கல்லூரியின் மாணவர்.

அண்ணாவின் கதையைச் சொல்வதற்கு முன் பச்சையப்பரின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். அது இல்லையேல் இது இல்லை.

பச்சையப்ப முதலியார் 1754இல் பிறந்தவர். தாயின் வயிற்றில் இருக்கும்போதே தந்தையை இழந்தவர். பிறர் ஆதரவில் வளர்ந்து, சிறிது ஆங்கிலம் கற்று, ஆங்கிலேய வணிகர்க்கும் நம் மக்களுக்கும் இடையே நின்று பேசும் துபாசித் தொழிலில் இறங்கினார். துபாசி என்றால் இருமொழியாளர் என்று பொருள். மொழி தெரிந்ததால் வாழ்வு வந்தது. வாழ்வு வந்ததும் செல்வம் குவிந்தது. நாற்பது வயது அளவில், 1794இல், அவர் மறைந்தார். தம் செல்வத்தைக் கோயில்களுக்கும் அறப்பணிகளுக்கும் எழுதிவைத்திருந்தார். ஆனால் விருப்பாவணம் ஒன்று சொல்ல, அதைக் கையாண்டவர்கள் வேறொன்று செய்தனர். வழக்கு எழுந்தது, ஆண்டுகள் ஓடின, பணம் முடங்கிக் கிடந்தது. அரசின் தலைமை வழக்குரைஞர் ஜார்ஜ் நார்ட்டன் முயன்று அப்பணத்தை மீட்டார். அறப்பணிகளுக்குப் போக எஞ்சிய பெருந்தொகை கல்விக்கென ஒதுக்கப்பட்டது. பச்சையப்பர் மறைந்து 48 ஆண்டுகள் கழிந்த பின்னரே பிராட்வேயில் பள்ளி திறக்கப்பட்டது. அரசின் கொடையாலன்றி, சமயத் தொண்டர்களின் நிதியாலுமன்றி, ஒரு தமிழரின் பொருளால் எழுந்த ஆங்கிலப் பள்ளி என்பது அதன் சிறப்பு.

சில ஆண்டுகளில் எஸ்பிளனேடு பகுதியில் பள்ளிக்கெனப் பெருமண்டபம் ஒன்று எழுந்தது. கிரேக்க நாட்டு ஏதென்சு நகரத்திலுள்ள பழைய கோயில் ஒன்றைப் பார்த்து அமைத்த வடிவம் அது. நெடிய தூண்கள் வரிசையாக நிற்கும் அம்மண்டபம் 1850இல் திறக்கப்பட்டது. பள்ளி 1889இல் கல்லூரியாக உயர்ந்தது. கணித மேதை இராமானுசனும் இக்கல்லூரியில் 1906இல் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் தேர்வில் தேறாமற் போனார். அவரைத் தேற்ற முடியாத கல்லூரி என்று அதனைச் சிலர் நகைப்பதுண்டு. ஆயினும் வாய்ப்பற்ற வீட்டுப் பிள்ளைகளைத் தன் வாயிலுக்குள் நுழையவிட்ட கல்லூரி அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அத்தகைய வீடொன்றில், 1909 செப்டம்பர் 15ஆம் நாள், காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை பிறந்தார். தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். நெசவை மரபுத் தொழிலாகக் கொண்ட குடும்பம். சிறுவனை வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். தொத்தா என்று அண்ணா அவரை அழைத்தார். காஞ்சிபுரத்தில் அவர் பயின்ற பள்ளியும் பச்சையப்பர் அறக்கட்டளையைச் சேர்ந்ததே. ஆகவே கல்லூரிப் படியை மிதிக்கும் முன்பே அவர் பச்சையப்பரின் பிள்ளை ஆகிவிட்டார்.

பள்ளிப் படிப்பு முடிந்தது. மேலே படிக்கப் பணமில்லை. காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் தேவையாக இருந்தது. அக்காலத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு நகராட்சி எழுத்தர் நாற்காலி சிறிய பேறன்று. பலர் அதிலேயே அமர்ந்து ஓய்வு பெற்றனர். அண்ணாவும் அவ்வாறு அமர்ந்திருக்கக் கூடும். சில மாதங்களே அங்கிருந்தார். படிப்பின் மீதிருந்த வேட்கை அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தது. பச்சையப்பன் கல்லூரியின் இடைநிலை வகுப்பில் அவர் சேர்ந்தார்.

இடைநிலை வகுப்பில் தேறியதும் அதே இடர் மீண்டும் வந்து நின்றது. அதற்கு மேல் படிக்க வைக்கக் குடும்பத்தால் இயலவில்லை. படிப்பை அத்துடன் நிறுத்திக்கொள்ள அவர் எண்ணிய வேளையில், கல்லூரி முதல்வர் சின்னத்தம்பிப் பிள்ளை தடுத்தார். மாணவரின் திறமையையும் வீட்டு நிலையையும் அறிந்து, பொருளுதவிக்கு வழிசெய்து, பி.ஏ. ஆனர்சு வகுப்பில் சேரச் செய்தார். அண்ணாவின் வாழ்வு திரும்பிய இடம் இதுவே. அன்று அம்முதல்வர் ஒரு மாணவர் போனால் போகட்டும் என்று இருந்திருந்தால், காஞ்சிபுரம் நகராட்சிக்கு ஒரு நல்ல எழுத்தர் திரும்பக் கிடைத்திருப்பார்.

பொருளியலும் அரசியலும் அவர் எடுத்த பாடங்கள். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் வாதிடவும் எழுதவும் அவர் அங்கே பழகினார். தமிழைப் பொறுத்தவரை, மோசூர் கந்தசாமி முதலியார் போன்ற புலவர்கள் அக்கல்லூரியில் இருந்தது அவரது நற்பேறு. சங்கப் பாடல்களின் சுவை அவர்களிடமிருந்து அவருக்குக் கிடைத்தது. ஒரு மொழியில் வல்லவராவதற்கு மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு எழவில்லை. மாணவர் சங்கப் பணிகளிலும் ஈடுபட்டார். படித்துக்கொண்டிருக்கும்போதே, 1930இல், இராணி அம்மையாரை மணந்தார். நூலகங்களில் அவர் செலவிட்ட நேரம் அளவற்றது. பொடி போடும் வழக்கமும் உடன் வளர்ந்தது. அதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டியதில்லை.

1934இல் ஆனர்சு பட்டம் பெற்றார். எம்.ஏ. என்னும் எழுத்துகள் அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டன. பின்னாளில் பொதுக்கூட்டச் சுவரொட்டிகளிலும், அவர் நடத்திய இதழின் முகப்பிலும் சி. என். அண்ணாதுரை, எம்.ஏ. என்றே அச்சாயிற்று. இதை இன்று காண்போர் தற்பெருமை என எண்ணலாம். அன்றைய நிலை வேறு. ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை எம்.ஏ. ஆக முடியும் என்று காட்டுவதே அவரைச் சேர்ந்தோர்க்கு ஓர் அரசியற் செய்தியாக இருந்தது.

பட்டம் பெற்றவர்க்கு அரசுப் பணி காத்திருந்த காலம் அது. அவ்வாண்டில் திருப்பூரில் நடந்த இளைஞர் மாநாடொன்றில் அவர் பெரியாரைச் சந்தித்தார். மேலே என்ன செய்யப் போவதாக உள்ளாய் என்று பெரியார் வினவ, வேலைக்குப் போக விருப்பமில்லை, பொதுப்பணியில் ஈடுபடவே விருப்பம் என அவர் விடையளித்தார். இருப்பினும் வாழ்க்கைக்கு வருவாய் வேண்டுமே. பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் சிறிது காலம் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றினார். பள்ளியில் பயின்று, கல்லூரியில் பட்டம் பெற்று, மீண்டும் பள்ளிக்கு ஆசிரியராக வந்ததால், மாணவராகவும் ஆசிரியராகவும் ஒரே அறக்கட்டளையின் நிழலில் அவர் இருந்திருக்கிறார். ஆசிரியப் பணி நீடிக்கவில்லை. இதழ்ப் பணியும் அரசியலும் அவரை இழுத்துக்கொண்டன.

இங்கே சென்னையின் வரைபடத்தைச் சற்றே நினைவிற் கொள்ள வேண்டும். அண்ணா பயின்றபோது கல்லூரி எஸ்பிளனேடு மண்டபத்தில்தான் இருந்தது. 1940இல்தான் சேத்துப்பட்டுக்கு இடம் மாறியது. அம்மண்டபத்தின் எதிரே உயர்நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும். பக்கத்தில் பிராட்வே. வடக்கே முத்தியாலுப்பேட்டையின் குறுந்தெருக்கள். தெற்கே சிறிது தொலைவு நடந்தால் புனித ஜார்ஜ் கோட்டை. அண்ணாவின் பொதுவாழ்வில் நிகழ்ந்த பெரிய திருப்பங்களுள் பல, வியப்புக்குரிய வகையில், இந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்தன.

முதலில் தோல்வி. கல்லூரியை விட்டுச் சில ஆண்டுகளுக்குள் சென்னை மாநகராட்சித் தேர்தலில் அவர் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்றார். கல்லூரி மாணவராக நாள்தோறும் நடந்த தெருக்களில் வாக்குக் கேட்டார், வெற்றி கிட்டவில்லை.

அடுத்து ஒரு சொற்போர். 1943 பிப்ரவரி 9ஆம் நாள், சட்டக் கல்லூரி மண்டபத்தில் கம்பராமாயணம் குறித்து விவாதம் நடந்தது. கம்பரின் பக்கம் நின்றவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரும்புலவர் இரா. பி. சேதுப்பிள்ளை. எதிர்ப்பக்கம் அண்ணா. அக்காவியம் ஆரியக் கருத்தைப் பரப்புகிறது என்பது அண்ணாவின் வாதம். அதன் கவிதையும் கலையும் தமிழின் உடைமை என்பது மறுதரப்பின் வாதம். எவர் வென்றார் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆனால் கம்பரை எதிர்ப்பதற்கும் கம்பரைக் கற்றிருக்க வேண்டும். தாம் பயின்ற கல்லூரிக்கு எதிரே நின்று, புலவர் ஒருவருடன் பாடலுக்குப் பாடல் அவரால் வாதிட முடிந்தது. இதன் தொடர்ச்சி ஒன்றுண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 சனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதனையொட்டிக் கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் சிலைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் கம்பர் சிலையும் ஒன்று.

மூன்றாவது நிகழ்ச்சி 1949 செப்டம்பரில். பெரியாரிடமிருந்து பிரிந்தோர் கூடித் திராவிட முன்னேற்றக் கழகம் என்னும் புதிய கட்சியைத் தொடங்க முடிவு செய்தது பவளக்காரத் தெருவில் ஏழாம் எண் இல்லத்தில். அதுவும் பிராட்வேயை அடுத்த பகுதியே. தொடக்கக் கூட்டம் இராயபுரம் இராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் நடந்தது. ஆசானைப் பிரிவது எளிதன்று. அண்ணாவுக்கு அது வருத்தமாகவே இருந்தது. புதிய கட்சியின் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென வெறுமையாக விட்டுத் தாம் பொதுச்செயலாளர் ஆனார்.

கல்லூரி அப்போது சேத்துப்பட்டில் இருந்தது. ஆயினும் தொடர்பு அறவில்லை. அங்கே தமிழ் கற்பித்துவந்த க. அன்பழகன் அண்ணாவின் நெருங்கிய தோழராகிப் பின்பு முழுநேர அரசியலுக்கு வந்தார். கல்லூரி விடுதிகளில் அண்ணாவின் திராவிட நாடு இதழ் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. பிற தலைவர்கள் உழவரிடமும் தொழிலாளரிடமும் மட்டும் ஆள் தேடிய நாளில், அண்ணா மாணவர் முன் மிகுதியாகப் பேசினார். அவர் மேடை ஒருவகையில் வகுப்பறையாகவே இருந்தது. உலக வரலாறு, பொருளியல், இலக்கியம் எல்லாம் அங்கே எளிய தமிழில் வந்தன. பள்ளி செல்லாத ஒருவர் அக்கூட்டத்துக்கு வந்து, கிரேக்க நாட்டுச் செய்தி ஒன்றை அறிந்துகொண்டு வீடு திரும்பினார். பணத்தோட்டம் என்னும் அவரது நூலைப் புரட்டினால், ஆனர்சு வகுப்பில் கற்ற பொருளியல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும். நாடகங்களும் திரைக்கதைகளும் எழுதினார். அவற்றைப் பற்றிப் பேச இங்கே இடமில்லை.

1962இல் மாநிலங்களவைக்குச் சென்றார். அங்கே அவருக்குக் கைகொடுத்தது பச்சையப்பனில் பயின்ற ஆங்கிலம். மறு ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, இந்தி பேசாத மக்களின் அச்சத்தை அவர் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். தமிழ்நாட்டுத் தெருவில் தமிழில் பேசியதை, தமிழ் அறியாதார் நிறைந்த அவையில் அவர்களும் உணரும்படி சொல்ல வல்லவர் அன்று மிகச் சிலரே. பச்சையப்பர் ஒரு துபாசி என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது பிழையாகாது.

1967 மார்ச் 6ஆம் நாள் அண்ணா முதலமைச்சரானார். அதே நாளில் திருவனந்தபுரத்தில் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு கேரளத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார் என்பது கொச்சியில் வாழ்வோர் அறியத்தக்கது. எஸ்பிளனேடிலிருந்து கோட்டை நடக்கும் தொலைவு. அண்ணா அதைக் கடக்க முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

ஆட்சியில் அமர்ந்ததும் பொருளியல் மாணவருக்குக் கடுந்தேர்வு ஒன்று வந்தது. ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலக்கு, ஒரு படி உறுதி என்று தேர்தலில் வாக்களித்திருந்தார். 1967 மே மாதத்தில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுதும் அதை விரிக்க அரசின் கருவூலம் இடந்தரவில்லை. வாக்குறுதியும் கணக்கும் மோதிய இடத்தில் கணக்கே வென்றது. அவருடைய ஆட்சியை மதிப்பிடுவோர் இதை மறைக்கலாகாது.

பிற செயல்கள் நிலைத்தன. சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்றாயிற்று. 1968 சனவரி 23ஆம் நாள் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் போதும் என்னும் இருமொழிக் கொள்கையை ஏற்றது. அண்ணா தாமே இருமொழியாளர். ஒரு மொழி வீட்டுக்கு, ஒரு மொழி உலகுக்கு என்னும் ஏற்பாடு, அவரளவில், கல்லூரி நாளிலேயே தொடங்கியதுதான். 1967 சூலை 18ஆம் நாள் சென்னை மாநிலத்தைத் தமிழ்நாடு எனப் பெயர் மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியிருந்தது.

1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சப் ஆய்வுநல்கை வழங்கி அவரை அழைத்தது. பிற நாட்டுத் தலைவர் ஒருவர்க்கு அச்சிறப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை. அரசியல் தலைவர் ஒருவர் மாணவரோடு சில நாள் தங்கி, பேசி, அவர்தம் வினாக்களுக்கு விடையளிப்பதே அந்நல்கையின் நோக்கம். வேறெந்தச் சிறப்பையும்விட இது அவர்க்குப் பொருந்தியது. மாணவர் நடுவே அமர்ந்து பேசுவது அவர் எஸ்பிளனேடு மண்டபத்திலேயே பழகிய ஒன்று.

ஊர் திரும்பிய சில மாதங்களில் புற்றுநோய் வெளிப்பட்டது. செப்டம்பரில் நியூயார்க்கு நகரத்தில் அறுவை மருத்துவம் நடந்தது. அவர் தேறி வந்ததாக மக்கள் மகிழ்ந்தனர். 1969 சனவரி 14, பொங்கல் நாளன்று, தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. அன்றே சென்னை தியாகராய நகரில் கலைவாணர் என். எஸ். கிருட்டிணன் சிலையை அவர் திறந்துவைத்தார். நோய் மீண்டும் முற்றியது. பிப்ரவரி 3ஆம் நாள், அறுபது வயது நிறையும் முன், அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டத்தின் அளவு உலகச் சாதனை நூலில் இடம்பெற்றது. கடற்கரையில், கோட்டைக்குத் தெற்கே, அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.